பாடும் பெருக்கி, ஊமை அலையியற்றி

மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையில் இருக்கும் வானொலி நிலையத்தின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். அதைப் பிடிக்கிற பெரும்பாலான டிரான்சிஸ்டர் பெட்டிகளுக்குள் அதே நேரத்தில் 1175 கிலோஹெர்ட்ஸில் இன்னோர் அலை பிறந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 455. பெட்டியின் மற்றப் பகுதிகள் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்காகத் திருகி வைக்கப்பட்டவை. பழைய பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால், சின்னச் சதுரத் தகர உறைகளில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் தலைகளோடு மூன்று காயில்கள் தெரியும், அவை 455க்கானவை. சிவப்புத் தலையோடு தனியே நிற்பதுதான் அலையைப் பிறப்பிக்கும் காயில். பெரும்பாலான பெட்டிகளில் அந்தச் சிவப்புக் காயிலோடு சேர்ந்திருப்பது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். ஏரியலில் வரும் சன்னமான சிக்னலைப் பெருக்குவது, அலையை இயற்றுவது, இரண்டையும் கலப்பது என்று மூன்று வேலையும் அதனுடையதே.

ஒரே பொருள் பெருக்கியாகவும் அலையியற்றியாகவும் இருக்க முடிகிறது என்றால், ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது? இதற்கு நூறாண்டுகளாக இரண்டு வழிகளில் பதில் சொல்லிவருகிறார்கள். முதலாவது பின்னூட்ட வழி. வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பெருக்கமும் கட்டமும் பொருந்தினால் அலை நிலைக்கும் என்பது. மார்கழிக் கச்சேரியில் ஒலிபெருக்கிக்கு நேரே மைக் திரும்பிவிட்டால் எழும் ஊளை இந்த வகை. பார்க்ஹௌசன் 1921ல் வகுத்த நிபந்தனை இதைத்தான் சொல்கிறது. நம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலும் அலையியற்றியை இப்படியே விளக்குகிறது.

இரண்டாவது வழி வேறு கேள்வியோடு தொடங்குகிறது. டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனைக்குள் வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு மின்தடை தெரிகிறது? வழக்கமாக அது நேர்மறை. சிக்னலின் ஆற்றலை அந்த முனை வாங்கிக்கொள்ளும். சில சூழல்களில் அது எதிர்மறையாகிவிடும். அப்போது அந்த முனை, சிக்னலின் ஆற்றலை வாங்குவதற்குப் பதில் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்கும். வெளியே இணைந்திருக்கும் சுற்றின் இழப்பைவிட இந்தக் கொடை குறைவாக இருந்தால் பெருக்கம் கூடும். மிஞ்சினால் அலை தானாகப் பிறக்கும்.

இந்த இரண்டாவது வழியை மைக்ரோவேவ் துறையினருக்கு மட்டும் உரிய ஒன்றாக ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்பதே என் உறுதியான கருத்து. வேண்டாத இடத்தில் அலை பாயும் பெருக்கியும், வேண்டிய இடத்தில் தொடங்க மறுக்கும் அலையியற்றியும் ஒரே கணக்கின் இரு விடைகள். அந்தக் கணக்கை உள்ளீட்டு முனையில் போட்டால் ஐந்து நிமிட வேலை. பின்னூட்ட வளையத்தில் போடப் போனால், வளையத்தை எங்கே வெட்டுவது என்ற கேள்வியிலேயே மாணவர் நின்றுவிடுகிறார்.

எதிர்மறை மின்தடையில் மாயம் ஒன்றும் இல்லை. நேர்மின்னோட்டத்தில் அளந்தால் எல்லாமே நேர்மறைதான். ஒரு புள்ளியைச் சுற்றிச் சிறிய மாற்றங்களை மட்டும் பார்க்கும்போது, மின்னழுத்தம் ஏற மின்னோட்டம் இறங்கினால் அதற்கு அந்தப் பெயர். கிடைக்கும் கூடுதல் ஆற்றல் முழுவதும் பேட்டரியிலிருந்து வருகிறது.

வரலாற்றில் இது டிரான்சிஸ்டருக்கு மூத்தது. 1900ல் லண்டனில் வில்லியம் டடெல், கார்பன் வில்விளக்கோடு காயிலையும் மின்தேக்கியையும் இணைத்து அதைப் பாட வைத்தார். 1918ல் ஆல்பர்ட் ஹல் டைனட்ரான் வால்வைச் செய்தார். ஆனால் நம் கேள்விக்கு நேராக வந்தவர் ஜான் மில்லர். 1920ல் அவர் எழுதிய ஆய்வுரை, மூன்று மின்முனை வால்வின் உள்ளீடு எப்படித் தெரியும் என்பது வெளியீட்டில் என்ன பளு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று காட்டியது. பளு மின்தூண்டித் தன்மை உள்ளதாக இருந்தால், கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள சிறு மின்தேக்கத்தின் வழியே உள்ளீட்டு மின்தடை எதிர்மறையாகலாம். மில்லர் விளைவு என்று இன்று படிப்பவர்கள் உள்ளீட்டு மின்தேக்கம் பெருகுவதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆய்வுரையின் மறுபாதி மறந்தேபோய்விட்டது.

அந்த மறுபாதியை அன்றைய வானொலி நேயர்கள் காதால் அறிந்திருந்தார்கள். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927ல் நின்றது; 1930லிருந்து மாநகராட்சி நடத்தியது; 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. 1920களில் உலகெங்கும் மலிவான வால்வு வானொலி என்றால் பின்னூட்டத் திருகு வைத்த ஒற்றை வால்வுப் பெட்டிதான். திருகைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும். ஒரு மயிர்க்கோடு தாண்டினால் பெட்டி கீச்சிடும். அதன் ஏரியலே ஒலிபரப்பியாகி அக்கம்பக்கத்துப் பெட்டிகளையும் கெடுக்கும். காயிலின் இழப்பை எதிர்மறை மின்தடையால் கிட்டத்தட்ட முழுவதும் ஈடுகட்டி, முழுமைக்கு ஒரு நூலிழை முன்னால் நிற்பதுதான் அந்தத் திருகின் வேலை. 1923ல் ஹேசல்டைன் கொண்டுவந்த நியூட்ரோடைன் முறை, கிரிட்–பிளேட் மின்தேக்கத்துக்கு எதிரான மின்னோட்டத்தைச் செலுத்திக் கீச்சலை அடக்கியது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் காலத்திலும் 455 கிலோஹெர்ட்ஸ் பெருக்கிகளில் அதே வைத்தியம் தொடர்ந்தது. பின்னால் வந்த சிலிக்கன் டிரான்சிஸ்டர்களில் கலெக்டர்–பேஸ் மின்தேக்கம் ஒரு பைக்கோஃபாரட் அளவுக்கு இறங்கியபோதுதான் அந்தக் கூடுதல் கண்டன்சர் பெட்டிகளிலிருந்து மறைந்தது.

டிரான்சிஸ்டரும் பிறக்கும்போதே இந்தக் குணத்தோடுதான் பிறந்தது. 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டனும் செய்தது முனைத்தொடு டிரான்சிஸ்டர். அதில் எமிட்டருக்குள் போகும் மின்னோட்ட மாற்றத்தைவிடக் கலெக்டரில் வரும் மாற்றம் அதிகம். இரண்டு மடங்குகூட வரும். கூடுதல் மின்னோட்டம் பேஸ் வழியே ஓடியாக வேண்டும் என்பதால், பேஸிலுள்ள மின்தடை எமிட்டரில் தலைகீழாகத் தெரியும். எமிட்டரின் சொந்தத் தடை 200 ஓம், பேஸின் தடை 300 ஓம், பெருக்கம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் உள்ளீட்டில் தெரிவது 200லிருந்து 300 போக, மைனஸ் 100 ஓம். பேஸ் கம்பியில் கொஞ்சம் தடையைச் சேர்த்தாலே அந்த டிரான்சிஸ்டர் அலை பாயும். சந்தி டிரான்சிஸ்டர் வந்தபிறகு இந்தப் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதியே பாடத்திட்டத்தில் இன்றுவரை தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் அது நியாயம். உயர்ந்த அதிர்வெண்ணில் சந்தி டிரான்சிஸ்டரும் வேறொரு வழியாக அதே இடத்துக்கு வந்துசேர்கிறது.

அந்த வழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எமிட்டர் ஃபாலோயர் என்பது எல்லாப் பாடங்களிலும் சாதுவான சுற்று. மின்னழுத்தப் பெருக்கம் ஒன்றுக்கும் குறைவு. இது எப்படி அலை பாயும் என்று தேர்வில் நன்றாக எழுதுகிற மாணவரும் கேட்பார். பேஸுக்குள் ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவோம். உயர்ந்த அதிர்வெண்ணில் டிரான்சிஸ்டரால் உடனே பதில் சொல்ல முடியாது. எமிட்டரில் வரும் பெருகிய மின்னோட்டம் கால் சுற்று பின்தங்கி வரும். எமிட்டரில் மின்தேக்கி இருந்தால், அதில் தோன்றும் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிட இன்னொரு கால் சுற்று பின்தங்கும். இரண்டும் சேர்ந்து அரைச் சுற்று. ஆக, பேஸுக்குள் மின்னோட்டம் ஏறும் நொடியில் பேஸின் மின்னழுத்தம் இறங்குகிறது. இதுவே எதிர்மறை மின்தடை. டிரான்சிஸ்டரின் தாமதமும் ஒரு மின்தேக்கியும் தவிர வேறெதுவும் இதற்குத் தேவையில்லை.

அளவு எவ்வளவு? பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் ஒரு வோல்ட் மாறினால் கலெக்டர் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் மாறும் என்ற எண்ணை ஜிஎம் என்பார்கள். ஒரு மில்லிஆம்பியர் ஓடும் டிரான்சிஸ்டருக்கு அது ஏறக்குறைய 0.04. அதைப் பேஸ்–எமிட்டர் மின்தேக்கம், எமிட்டர்–தரை மின்தேக்கம், கோண அதிர்வெண்ணின் இருமடி ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் எதிர்மறை மின்தடை வந்துவிடும். இரண்டு மின்தேக்கிகளும் 100 பைக்கோஃபாரட், அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் விடை ஏறக்குறைய மைனஸ் 1000 ஓம். பேஸிலிருந்து தரைக்கு ஒரு காயிலை வைத்தால் இதுவே கோல்பிட்ஸ் அலையியற்றி. எட்வின் கோல்பிட்ஸ் வால்வில் செய்ததும், எமிட்டரில் தெரியாமல் கேபிளைத் தொங்கவிட்ட ஒரு பெருக்கி செய்வதும் ஒன்றே.

தெரியாமல் நடக்கும் அந்த வகையை எண்களோடு பார்ப்போம். பிசி 547, எல்லாக் கடையிலும் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர். அதன் பெருக்கம் ஒன்றாக இறங்கும் அதிர்வெண் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ். பத்து மில்லிஆம்பியர் ஓடும்போது அதன் உள் மின்தேக்கம் 200 பைக்கோஃபாரட் அளவில் இருக்கும். எமிட்டரில் முப்பது சென்டிமீட்டர் கவசக் கேபிளை இணைத்தால் 30 பைக்கோஃபாரட் சேர்ந்தது. பேஸுக்குப் பத்து சென்டிமீட்டர் வயரில் சிக்னல் கொண்டுவந்தால் அந்த வயரே 100 நானோஹென்றி காயில். ஒத்ததிர்வு எங்கே என்று கணக்குப் போட்டால் 100 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே எதிர்மறை மின்தடை சுமார் 160 ஓம். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் பேஸ் தடை அதில் ஒரு பகுதியை விழுங்கும். மீதி, வயரின் இழப்பைத் தாண்டப் பெரும்பாலும் போதும்.

100 மெகாஹெர்ட்ஸ் என்பது பண்பலை ஒலிபரப்பின் நடுப்பகுதி. தி. நகர் மாடி அறையில் ஆடியோ பெருக்கி ஒன்றைச் செய்து முடித்தவர், இருபது மெகாஹெர்ட்ஸ் அலைநோக்கியில் பார்த்தால் கோடு சுத்தமாகத்தான் தெரியும். டிரான்சிஸ்டர் மட்டும் காரணமில்லாமல் சூடாகும், ஒலி சற்றுக் கரகரக்கும், சர்க்கியூட்டின் மேல் விரலை வைத்தால் எல்லாம் மாறும். பக்கத்தில் ஒரு பண்பலைப் பெட்டியை வைத்து 98.3, 101.4, 102.3 என்று மெல்ல முள்ளை நகர்த்தினால், எங்கோ ஓரிடத்தில் நிலையம் அமுங்கி வெறும் மௌனம் கேட்கும். பெருக்கியின் சுவிட்சை அணைத்ததும் பாட்டு திரும்பினால் நோய் உறுதி. மருந்தும் சுலபம்: 100 ஓம் தடை ஒன்றைப் பேஸ் காலுக்கு ஒட்டினாற்போல், வயருக்கும் காலுக்கும் நடுவில், பற்றவைக்க வேண்டும். வயரின் மறுமுனையில் வைத்தால் பலன் குறையும், ஏனென்றால் வழியில் உள்ள சிதறல் மின்தேக்கம் அதைத் தாண்டிக் குறுக்கே போய்விடும். ஆடியோ சிக்னலுக்கு அந்த 100 ஓம் தெரியவே தெரியாது. எதற்கு இந்தத் தடை என்று பல சர்க்கியூட் படங்களைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

ரிச்சி தெருவில் உதிரிப் பாகம் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் ஒரு தலைமுறையின் ஆம்ப்ளிஃபயர்களைத் தாங்கியது. முதலில் வந்த வகை 0.8 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிய மந்தமான பொருள். பின்னால் தயாரிப்பு முறை மாறி அதே எண்ணில் வந்தவை 2.5 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போயின. எண் மாறவில்லை, உறை மாறவில்லை. ஆனால் பழைய சர்க்கியூட்டில் புதியதைப் போட்டால் சில பெருக்கிகள் அலை பாய்ந்தன. தாமதம் இருக்கும் அதிர்வெண் நகர்ந்தால் எதிர்மறை மின்தடை தோன்றும் இடமும் நகர்கிறது என்று தெரிந்தவருக்கு இது வியப்பாக இருக்காது.

இனி மறுபக்கம்: தொடங்க மறுக்கும் அலையியற்றி. கடிகாரங்களிலும் மின்மானிகளிலும் இருக்கும் படிகம் 32,768 ஹெர்ட்ஸில் அதிரும். பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் நொடிக்கு ஒன்று. அந்தப் படிகத்தின் சொந்த இழப்பு 50,000 ஓமுக்கு மேலும் போகலாம். 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் அது சில பத்து ஓம்தான். அலை தொடங்க வேண்டுமானால் எதிர்மறை மின்தடை இந்த இழப்பைத் தாண்ட வேண்டும். வெயில், குளிர், பேட்டரி தேய்வு, பாகத்துக்குப் பாகம் வேறுபாடு எல்லாம் போக, ஐந்து மடங்காவது வேண்டும் என்பது தொழிலில் எழுதாச் சட்டம். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, படிகத்தின் இரு காலிலும் 15 பைக்கோஃபாரட் கேட்ட இடத்தில் கையில் இருந்த 33ஐப் போடுவது. சூத்திரத்தில் இரண்டு மின்தேக்கங்களும் பெருக்கலாக நிற்பதால், எதிர்மறை மின்தடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சரியும். மேசையில் ஓடும் கருவி, வேறொரு வெப்பநிலையில் ஊமையாகும்.

இதைச் சோதிக்கும் முறை அழகானது. படிகத்தோடு தொடராக ஒரு சின்ன மாறுதடையை வைத்து, மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே தடையைக் கூட்ட வேண்டும். எந்த அளவில் அலை தொடங்க மறுக்கிறதோ, அதோடு படிகத்தின் இழப்பைக் கூட்டினால் சுற்று தரும் எதிர்மறை மின்தடை கிடைத்துவிடும். பின்னூட்ட வளையத்தை வெட்டாமல், கருவியின் இயல்பைக் கெடுக்காமல், ஒரு மாறுதடையால் அளக்க முடிகிற எண் இது. இரு வழிகளும் கணிதத்தில் சமம் என்று சொல்லி விவாதத்தை முடிப்பவர்கள், அளவீட்டில் அவை சமமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்மறை மின்தடையை வைத்தே பெருக்கி செய்யலாமே என்ற ஆசை 1957ல் லியோ எசாகி டனல் டையோடைக் கண்டபோது உச்சத்தில் இருந்தது. 50 ஓம் கம்பியின் முனையில் மைனஸ் 40 ஓமை வைத்தால், போன அலை ஒன்பது மடங்காகத் திரும்பி வரும். திறனில் 81 மடங்கு. கேட்க இனிமைதான். வெயிலில் அந்த 40, 44 ஆனால் திறன் 245 மடங்காகும். 50 ஆனால் பெருக்கியே இல்லை, அலையியற்றி. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே முனை வழியே என்பது இன்னொரு சங்கடம். இந்த இரண்டு காரணங்களால்தான் இருமுனைப் பெருக்கிகள் சில சிறப்பு வேலைகளோடு ஒதுங்கின, டிரான்சிஸ்டர் வென்றது.

பெருக்கி எங்கே அலையியற்றியாகிறது என்ற கேள்வியை மைக்ரோவேவ் பெருக்கி வடிவமைப்பவர்கள் கணக்காக்கியது 1960களில். உள்ளீட்டிலிருந்து திரும்பும் அலை, போன அலையைவிடப் பெரிதானால் அங்கே எதிர்மறை மின்தடை. எந்தப் பளுவைப் போட்டாலும் அப்படி ஆகாது என்று உறுதி செய்ய 1962ல் ஜான் ராலட் ஓர் எண்ணைத் தந்தார். அது ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதைப் படித்தவர்கள், அதன் முன்நிபந்தனையைப் பெரும்பாலும் படிப்பதில்லை: பளு எதுவும் இல்லாத நிலையில் சாதனம் தன்னளவில் நிலையாக இருக்க வேண்டும். பல டிரான்சிஸ்டர்களை உள்ளே இணைத்த பெருக்கியில் இதைத் தனியே சரிபார்த்தே ஆக வேண்டும். அலையியற்றிகளின் பக்கத்தில் 1969ல் குரோகாவா இதே கணக்கை விரிவாக்கினார். எதிர்மறை மின்தடை இருந்தாலே அலை வந்துவிடாது. மின்மறுப்பு சுழியாகும் அதிர்வெண்ணில் மொத்தத் தடையும் எதிர்மறையாக இருக்க வேண்டும். அலை வளர வளர அந்த எதிர்மறை அளவு சுருங்கி, இழப்புக்குச் சமமாகும் இடத்தில் வீச்சு நிலைக்கும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. அலை தொடங்குமா என்று சொல்வதில் அது கெட்டி. எந்த வீச்சில் நிற்கும், எவ்வளவு இரைச்சலோடு நிற்கும் என்பதைச் சிறு மாற்றக் கணக்கால் மட்டும் சொல்ல முடியாது. சதுர அலை தரும் சுற்றுகளுக்கு இந்தப் பார்வை அதிகம் உதவாது. எதிர்மறை மின்தடை தொடராகத் தெரிகிறதா, இணையாகத் தெரிகிறதா என்பதைக் கவனிக்காதவர்களும் தவறிவிடுவார்கள். தொடரில் இழப்பைவிட அளவில் பெரிதாக இருந்தால் அலை, இணையில் சிறிதாக இருந்தால் அலை.

இன்று இந்தக் கணக்கு அதிகம் புழங்குவது சில்லுகளுக்குள். கைப்பேசியின் வைஃபை அலையைப் பிறப்பிப்பது, ஒன்றின் கேட் முனை மற்றொன்றின் வெளியீட்டோடு குறுக்காகப் பிணைந்த இரண்டு மாஸ் டிரான்சிஸ்டர்கள். அவை தருவது, இரண்டை ஜிஎம்மால் வகுத்தால் வரும் அளவு எதிர்மறை மின்தடை. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு நானோஹென்றிக் காயில், தரக் காரணி பத்து என்றால் அதன் இழப்பு 314 ஓமுக்குச் சமம், ஜிஎம் 0.0064ஐத் தாண்டினால் போதும். அடையாறை ஒட்டி 1959ல் தொடங்கிய ஐஐடி மெட்ராஸில் அனலாக் சில்லு வடிவமைப்பு வலுவான மரபு. அங்கே கற்பித்த பேராசிரியர் கே. ராதாகிருஷ்ண ராவின் அனலாக் வகுப்புகள் என்பிடெல் வழியே எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. பக்கத்திலேயே தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைகளைச் செய்கிறது. வடிவமைப்பாளர் அறியாமல் ஒரு ஃபாலோயர் 100 மெகாஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருந்தால், அப்படிப்பட்ட சோதனை அறையின் திரையில் கணக்கில் வராத ஒரு கோடாக அது எழும். அப்போது சர்க்கியூட்டைத் திரும்பத் தொடுவது செலவு.

சில்லு வடிவமைப்புக்கும் சோதனை அறைக்கும் நடுவில் இருக்கும் பொறியியல் கல்லூரி ஆய்வகம்தான் மாற வேண்டிய இடம். கோல்பிட்ஸ் அலையியற்றி செய்முறை பெரும்பாலும், கொடுத்த பாகங்களைப் பொருத்தி, அதிர்வெண்ணை அளந்து, சூத்திரத்தோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. அதே பலகையில், காயிலோடு தொடராக ஒரு மாறுதடையை வைத்து அலை நிற்கும் அளவைக் குறிக்கச் சொல்லலாம். கலெக்டர் மின்னோட்டத்தை இரட்டித்து மறுபடி குறிக்கச் சொல்லலாம். ஏறக்குறைய இரு மடங்கு வர வேண்டும். பிறகு மின்தேக்கிகள் இரண்டையும் இரட்டித்து, அதிர்வெண் மாறாதபடி காயிலைப் பாதியாக்கினால், அது கால் பங்காக இறங்க வேண்டும். கடைசியாகக் காயிலைக் கழற்றிவிட்டு, அதே டிரான்சிஸ்டரை எமிட்டர் ஃபாலோயராக்கி, எமிட்டரில் முப்பது சென்டிமீட்டர் கேபிளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு பண்பலைப் பெட்டியை வைக்கலாம். இதற்கெல்லாம் தேவைப்படுவது ஒரு பிசி 547, ஒரு மாறுதடை, நாலைந்து கண்டன்சர், ஒரு துண்டு கேபிள்.